காப்பிக்கு மரியாதை

அன்புள்ளவளுக்கு,

பேரனின் இருமல் நின்றதா? புசானில் மகள் வீட்டுப் பக்கம் கடற்காற்று அதிகம். அவன் காதை மூடியே வை.

போன வாரம் தொலைபேசியில் என் வேலையைப் பற்றிக் கேட்டாய். இங்கே குளிர் கூடிவிட்டது என்றேன். உண்மையில் அன்று விலகல் கடிதம் எழுதி, இரண்டு முறை பிழை திருத்தி, சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

காரணம் ஒரே ஒரு வினைமுற்று. ஓய்வு பெற்றபின் நான் சேர்ந்த இந்தக் காப்பிக் கடையில், வேலை பார்க்கும் எல்லோரும் "காப்பி வந்துட்டாங்க" என்றுதான் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறார்கள்; அதுதான் அவருக்கு மரியாதையாம். முப்பத்து நான்கு வருடம் இலக்கணம் நடத்தியவன், ஒரு கோப்பையை எப்படி 'அவர்கள்' என்பேன்? "காப்பி வந்துவிட்டது" என்றேன். மரியாதை தெரியாத கிழவன் என்று ஒரு வாடிக்கையாளர் புகார் எழுதிவிட்டார்.

மேலாளர் ஹே-ரின், நம் மகளைவிட இளையவள், உள்ளே அழைத்தாள். கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

"வாத்தியாரய்யா, இலக்கணம் உங்க பக்கம்தான். ஆனா கோப்பையைப் பாத்தே பேசுறீங்களே! மரியாதை காப்பிக்கு வேணாம், குடிக்கிறவங்களுக்குக் கொடுங்க. வாங்க, இப்ப நான்தான் வாடிக்கையாளர். சரியான சிடுமூஞ்சி."

கடை திறக்கும் முன், மூன்று நாள் காலையில் பேசிப் பழகினோம். "காப்பி வந்துடுச்சு. சூடா இருக்கு, பாத்து எடுத்துக்கோங்க" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் வேண்டுமென்றே முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று அதே வாடிக்கையாளர் கோப்பையை வாங்கி, தலை குனிந்து நன்றி சொன்னார். கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

காப்பிக்குப் பாலை நுரைக்கவைக்க யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று ஹே-ரின் கேட்டபோது, நானாகவே கை தூக்கினேன்.

"சட்டையெல்லாம் பால் தெறிக்கும், வாத்தியாரய்யா!"

"தெறிக்கட்டும்" என்றேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்