சரிந்த கூரைக்கு ஏற்ற விளக்கு

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருக்கிறது. திட்டுவதென்றால் இங்கேயே திட்டிவிட்டு மேலே படி.

கூரைக்கு அடியில் இருக்கிற மேல் அறை விஷயமாக எழுதுகிறேன். நீ வயரிங் வேலையைப் பாதியில் விட்டுப் போனதிலிருந்து அங்கே விளக்கு இல்லை. நீ டேப் சுற்றிய இரண்டு வயர்கள் அப்படியே தொங்குகின்றன. யாராவது வந்தால் தங்குகிற மாதிரி செய்யலாம் என்று போன வாரம் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "சரிவுல எட்டு ஓட்டை போட்டு எட்டு லைட்டைப் பதிச்சுடலாம்மா. இந்தப் பழைய வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுடலாம்" என்றார். பிடுங்கிப் போடலாம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எந்த விளக்கு, எங்கே? நீதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

கடிதம் வந்தது.

பதித்த விளக்கு வேண்டாம். சமமான கூரையில் பதித்தால் வெளிச்சம் நேராகக் கீழே விழும். சரிவில் பதித்தால் சாய்ந்து வந்து எதிரே உட்கார்ந்திருப்பவன் கண்ணைக் குத்தும். நடுவில் ஒன்றைத் தொங்கவிடவும் கூடாது. அந்த அறையில் நிமிர்ந்து நிற்க முடிந்த இடமே அது ஒன்றுதான். அங்கே போய்த் தொங்கவிட்டால் மண்டை உடையும்.

நடு உயரம், ஓர உயரம், ஜன்னல் எந்தச் சுவரில். மூன்றும் எழுதி அனுப்பு.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

நடு உயரம் ஏழரை அடி. ஓரத்தில் நாலு அடி. ஜன்னல் படிக்கட்டுக்கு எதிர்ச் சுவரில். இவர்தான் அளவு டேப்பைப் பிடித்தார். இரண்டு தடவை தலையில் இடித்துக்கொண்டு உன்னைத்தான் திட்டினார்.

உன் கடிதம் எதிர் வீட்டுக்குப் போய் மூன்று நாள் கிடந்து வந்தது. கதவு எண் ஆறை எட்டு மாதிரி போட்டிருக்கிறாய். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. "யாரோ சின்னப் புள்ள எழுதியிருக்கு போல" என்று அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு நீ வயரை மாற்றி இணைத்துப் பொறி பறந்தபோது, பெயிண்டர், இவர், எல்லோர் முன்னாலும் "குருட்டு வேலை பாக்காதே" என்று கத்தினேன். உன் கை போயிருக்குமே என்ற பயம், அண்ணா. பயத்தில் வாயில் வந்தது அது. முப்பது வருடம் தொழில் செய்தவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை. மன்னித்துவிடு.

இப்போது மறைக்காமல் சொல். கண் எப்படி இருக்கிறது?

உன் தங்கை

ஏப்ரல் 1

அன்புள்ள குட்டச்சிக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். இரண்டு கண்ணிலும் புரை. அன்றைக்கே இருந்தது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. நீ சொன்னது பொய்யாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். உண்மையாக இருந்ததால்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் வேலை செய்யவில்லை. கடையில் உட்கார்ந்து பல்பு விற்கிறேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் ஓடி வந்துவிட்டேன். சரியாகாமல் போய்விட்டால்? "கால் மணி நேர வேலைங்க" என்கிறார் டாக்டர். அவருக்கென்ன! அடுத்த தேதி இந்த மாதம் இருபது. போவேனா என்று எனக்கே தெரியாது.

அதை விடு. படம் வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். சரிவுக்கு வெள்ளை அடி. ஜன்னல் சுவரிலும் அதன் எதிர்ச் சுவரிலும், கூரை உச்சிக்கு நேர் கீழே ஆறரை அடி உயரத்தில் ஒவ்வொரு விளக்கு, வாய் மேலே பார்த்த மாதிரி. வெளிச்சம் கூரையில் பட்டுத்தான் கீழே வர வேண்டும்; பல்பு கண்ணில் படவே கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று. சுவிட்ச் ஐந்தரை அடியில்.

உன் அண்ணன்

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணா,

படத்தை விரித்து வைத்து நானும் இவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சுவிட்ச் என் உச்சந்தலைக்கு மேலே அரை அடி போகிறது. கட்டில் ஏழு அடி. இந்த வீட்டில் யாருக்கு ஏழு அடிக் கட்டில்? ஊரார் வீட்டுக்கெல்லாம் அளந்து போட்டவன், இங்கே மட்டும் உன் நெட்டை உடம்புக்கே கணக்குப் போட்டிருக்கிறாய்.

ஆனால் ஓர் அங்குலம்கூட நான் மாற்றவில்லை. வெள்ளை அடித்தாயிற்று. தச்சர் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். விளக்குகளை மாட்டியாயிற்று. படி பதினாலு, இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. பத்தொன்பதாம் தேதி நான் அங்கே வருகிறேன். ஓடினால் பின்னாலேயே ஓடி வருவேன். ஆபரேஷன் முடிந்ததும் நேராக இங்கே வருகிறாய்.

அந்த இரண்டு வயரை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

உன் குட்டச்சி

மே 3, மேல் அறை

அன்புள்ள குட்டச்சிக்கு,

நீ கீழே சமைக்கிற சத்தம் கேட்கிறது. நேரில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன். நான் அழக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதிக் காபி டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். வரி நேராக இருக்கிறதா பார்.

காலையில் நீ கடைக்குப் போயிருந்தபோது மெயினை நிறுத்திவிட்டு அந்த டேப்பைப் பிரித்தேன். சிவப்பு சிவப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டையும் விளக்குகளுக்கு இணைத்தேன். மெயினைத் திரும்பக் கொடுத்துச் சுவிட்சைப் போட்டதும் கூரை முழுக்க வெளிச்சம். எங்கேயும் கண் கூசவில்லை. அப்பாடா! இரண்டு வருடப் பாரம் இறங்கியது.

அதற்குள் வயரைத் தொட்டேன் என்று டாக்டரிடம் சொல்லாதே. இன்னொரு கண்ணுக்கு நானே நாள் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கி ஹாலைப் பார்த்தேன். நான் கடைசியாகப் போட்ட மூன்று சுவிட்ச் போர்டும் கோணல். சமையலறை வாசலில் இருப்பது விழப் போகிற மாதிரி சாய்ந்திருக்கிறது. இத்தனை நாள் தினமும் அதில் கை வைத்திருக்கிறாய். வந்த எலக்ட்ரீஷியனிடம்கூடச் சரிசெய்யச் சொல்லவில்லையே, பைத்தியக்காரி.

அடுத்த மாதம் மூன்றையும் கழற்றி நேராக்குகிறேன். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நீ வா. ஏதாவது தப்பாகச் செய்தால் கத்து. நல்லா சத்தமாகவே கத்து.

உன் அண்ணன்