கிடை போட்ட இடத்து மண்

என் அலமேலுவுக்கு,

நேற்று மறுபடியும் பரிசோதனைக்கு மண் எடுத்தேன். நீ இருந்திருந்தால் வாளியைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாய். உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்திருந்த நம் மகள் செல்விதான் வாளி பிடித்தாள். அவளும் உன்னைப் போலத்தான், வாயை மூடவில்லை.

முதல் தடவை எடுத்தது நினைவிருக்கிறதா? கல்வராயன் மலை அடிவாரத்து ஆட்டுக்காரர் நம் நிலத்தின் ஓர் ஓரத்தில் கிடை போட்டுவிட்டுப் போயிருந்தார். புழுக்கையும் மூத்திரமும் ஊறிய அந்த இடத்திலிருந்து மட்டும் கறுகறுவென்று அள்ளிப் பையில் கட்டினேன். வேளாண்மை ஆபீசில் நாலு பேர் பார்ப்பார்களே, நம் மண்ணை மட்டமாக நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு வீண் ஜம்பம்.

"இன்னா மாமா இது, நம்ம மண்ணுக்கு இன்னா கொறன்னு கேக்கத்தான எடுத்துக்கினு போற? நல்லதா பொறுக்கிக் காட்டினா அவங்க இன்னாத்த சொல்லுவாங்க?" என்றாய்.

"உனக்கு இன்னா தெரியும், போடி" என்றேன்.

மண்வள அட்டை வந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாமே தாராளம் என்று போட்டிருந்தது. ஊரெல்லாம் காட்டினேன். அதை நம்பி எருவையும் உரத்தையும் குறைத்தோம். மக்காச்சோளம் இடுப்பளவு வந்ததும் அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின. கதிரெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. அட்டையைக் குறை சொல்லி என்ன? நான் கொடுத்த மண் அப்படி.

நீ திட்டவில்லை, சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதமே ஊருக்கு மருத்துவ முகாம் வந்தது. தீபாவளிப் புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாய். நர்ஸம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் கீறேன்" என்றாய். மார்பில் கட்டி இருந்தது அப்போதே உனக்குத் தெரியும். வலி பொறுக்க முடியாமல் நீ சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார்கள்.

எனக்குச் சொன்ன புத்தியை உனக்கு ஏன் சொல்லிக்கொள்ளவில்லை, புள்ள? வெட்கமா, பயமா? என்னிடமாவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே. இதற்கும் நான் "போடி" என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தாயா?

நேற்றும் என் கால் கிடை போட்ட இடத்துக்குத்தான் போனது. "யப்பா, அங்க எடுக்காத" என்றாள் செல்வி. நிலம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, புல்லைச் செதுக்கிக் குழி வெட்டி, பல இடத்து மண்ணையும் கலந்து எடுத்தேன். மேட்டு மூலையில் வெளுத்துக் கிடக்கிறதே, அதைத் தனிப் பையில் கட்டினேன். அள்ளினால் கையில் ஒட்டக்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்போதுதான் செல்வி பேச்சை நிறுத்தினாள்.

இன்னொரு சேதி. மூன்று மாதமாக அந்த மேட்டுக்கு ஏறினாலே எனக்கு நெஞ்சை அடைக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலையில் செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

நாளைக்கு மண் பைகளைக் கொடுத்துவிட்டு அப்படியே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காட்டு வேலைக்குப் போகிற பழைய சட்டையிலேயே போகிறேன். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், வலிக்கிற இடத்தைக் காட்டுவேன். உன் மேல் ஆணை.

உன் பேச்சை இப்போதுதான் கேட்கும்,
உன் அத்தை மகன்