நீர்க்கரடி கண்டவளைச் சிறைவைத்த வேந்தருக்கு

பனிமலை பலவற்றுக்கு உரியவளும் வரையாட்டுக் கொடி ஏந்தியவளுமாகிய குறும்பொறை நாட்டரசி நன்முகைத்தேவி, மணற்கரை நாடாளும் கொற்றவேலருக்கு விடுக்கும் ஓலை. உம் குடிகள் நலம் பெறுக. அவர்தம் வலைகள் நிறைக. உமக்கென வாழ்த்து ஏதும் இவ்வோலையில் இல்லை.

எம் அவைப் புலமையாட்டி அல்லியங்கோதை உம் இசைவு பெற்றே உம் கடற்கரைக்கு வந்தாள். பளிங்குவில்லை வழியாக அன்றி உருவம் தெரியாத, எட்டுக்கால் கொண்ட நீர்க்கரடிகளைத் தேடி அறிவதே அவள் பணி. எம் பாறைப்பாசியில் கவசம் பூண்டவற்றையும், பனியுருகும் சுனைகளில் வழவழத்த மேனியவற்றையும், ஏரிச்சேற்றில் தம் இனத்தையே உறிஞ்சி உண்பவற்றையும் எமக்குக் காட்டியவள் அவளே. உம் ஈரமணலில் நெடுமயிர் நீட்டி மணற்பரலைப் பற்றிக் கிடக்கும் வேறொரு வகையைக் கண்டதாக மகிழ்ந்து செய்தி விடுத்தாள். அதன்பின் அவளிடமிருந்து செய்தி இல்லை.

நிகழ்ந்ததை, உம்மால் துரத்தப்பட்டு எம்மை அடைந்த உம் மருத்துவர் திருச்சாத்தனார் உரைத்தார். அவள் பையில் எம் மலையின் காய்ந்த பாசியைக் கண்ட உம் அமைச்சர், கிணற்றில் இட நஞ்சு கொணர்ந்தாள் என்று பழி சாட்டினாராம். அவளோ, "நீர் தெளித்துப் பொறுத்திருந்து பாருங்கள், இதில் உறங்குவது உயிர்தான்" என்றாளாம். சுருண்டு கிடந்த துகள்கள் எட்டுக்கால் நீட்டி ஊர்வதை வில்லை வழியே கண்ட நீர், பழியை நீக்குவதற்கு மாறாக, செத்ததை எழுப்புபவள் செத்த படையையும் எழுப்புவாள் என்று நடுங்கி, வில்லையை உடைத்து அவளைச் சிறையிட்டீர். இவை உம் அரண்மனைக் கூரைப்பாசியிலும் வாழ்வன என்று உண்மை சொன்ன மருத்துவரை நாடு கடத்தினீர். பிறகு கூரை முழுதும் சுண்ணாம்பு பூசச் செய்தீர் என்றும் கேட்டோம்.

அச்சிற்றுயிர்கள் உம்மை ஒன்றும் செய்யமாட்டா. யாம் செய்வோம்.

உம் தோணிகளுக்கு எம் காட்டுமரம் இறங்கும் கணவாயை இன்று அடைத்தோம். அங்கே எம் படை நிற்கிறது. வளர்பிறை முழுமதியாகும் முன் அல்லியங்கோதை ஊறின்றி அக்கணவாயை அடைய வேண்டும். அடையாவிடில் படை கீழிறங்கும். இவ்வோலையை அமைச்சரிடம் கொடாது, அவையில் நின்று நீரே உரக்கப் படிப்பீராக.

மறுமொழி ஓலை வேண்டா, அவளே வருக. இது எம் ஆணை. வரையாட்டு முத்திரை எம் கையால் இட்டோம்.