உன் படுக்கை விரிப்பில் தைத்த பை

என் தம்பி மனைவிக்கு,

நானும் சிட்டுவும் சௌக்கியம். அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. நீ சௌக்கியமாக இருப்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. எழுத்தெல்லாம் கொழுத்துப்போய் வரிக்கு நாலு வார்த்தைதான் நிற்கிறது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதி வருகிறாயாம். வந்த கையோடு உன் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாயாம். "அவ துணிமணியை ஒரு பையில எடுத்து வைங்க அக்கா" என்று கடைசி வரியில் ஒரு உத்தரவு வேறு. மூன்று வருடமாக ஓட்டல் சலவைக்கூடத்தில் ஊரார் படுத்து எழுந்த விரிப்புகளை மடிக்கிறாய் அல்லவா, வெளுக்கப் போட்டதைத் திரும்பக் கேட்கிற பேச்சு நன்றாகவே பழகிவிட்டது.

பைதானே கேட்டாய்? தைத்துவிட்டேன். தையல்காரி வீட்டிலிருந்து கடைப் பை போனால் எனக்கல்லவா அவமானம். புதுத்துணி எதுவும் எடுக்கவில்லை. நீ விட்டுப்போன தகரப் பெட்டியைத் திறந்தேன்.

வெளிப்புறத்துக்கு அந்த நீலக்கோடு போட்ட இரட்டைப் படுக்கை விரிப்பு. உங்கள் கல்யாணத்துக்கு என் தம்பி ஆசையாக வாங்கியது. அவன் படுத்த பக்கம் நைந்து நூல் நூலாகப் போயிருந்தது. சாவதற்கு முன் எட்டு மாதம் கிடந்தவனாயிற்றே, நையாமல் என்ன செய்யும்? உன் பக்கம் மட்டும் கெட்டியாக அப்படியே இருந்தது. அதைத்தான் வெட்டினேன். அவன் பக்கத்தை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். உள்துணிக்கு உன் மேசை விரிப்பு. கைப்பிடிக்குச் சமையலறைத் திரையை நாலாக மடித்து அடித்திருக்கிறேன், மூட்டை தூக்கினாலும் அறாது. இந்த வீட்டில் உன்னுடையது என்று இருந்ததெல்லாம் ஒரு பைக்குத்தான் காணும்.

உள்ளே இருக்கிற சின்னப் பை உன் தலையணை உறை. அந்த வேலைக்குக் கிளம்புமுன் ஒரு வாரம் அதிலேயே தலைவைத்துப் படுத்தாய். "இதை மட்டும் துவைச்சிராதீங்க அக்கா, என் வாசனை இருந்தா தூங்கிடுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ போன பத்தாம் நாள் அதைக் கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசி வெயிலில் காயப்போட்டேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. மூன்று நாள் சிட்டு வீடே இரண்டுபட அழுதாள். நாலாம் நாள் என் போர்வை முனையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுத உட்கார்ந்தாயிற்று. ஞாயிறுதோறும் நீ போனில் கூப்பிடும்போது "தூங்குறா" என்பேனே, அத்தனை தடவையும் அவள் என் மடியில்தான் இருந்தாள், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. உதட்டில் விரலை வைத்துக் காட்டினால் மூச்சு விடமாட்டாள். முதல் வருடம் உன்னைப் போன் அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. நின்றுவிட்டதென்று நான் நினைத்திருந்தேன்.

இருபத்தாறு வருடத் தையலில் செய்யாத தப்பை இந்தப் பையில் செய்தேன். வெளித்துணியையும் உள்துணியையும் நல்ல பக்கம் உள்ளே போகும்படி சேர்த்துச் சுற்றிலும் தைப்போம். அடியில் நாலு விரல் அகலம் மட்டும் தைக்காமல் விடவேண்டும், அந்த ஓட்டை வழியாகத்தான் முழுப் பையையும் வெளியே இழுத்துத் திருப்புவது. கற்றுக்கொள்ள வந்த பெண்கள் அதை மறந்தால் தலையில் குட்டியிருக்கிறேன். இப்போது நானே மறந்து சுற்றிலும் மூடித் தைத்துவிட்டேன். உன் கடிதத்தை மெஷின் பலகையில் வைத்துக்கொண்டு தைத்தால் வேறென்ன ஆகும்? உட்கார்ந்து பிரித்தேன்.

பிரித்துக்கொண்டிருக்கும்போது சிட்டு வந்து "இது யாருக்கு அத்தை?" என்றாள். உன் அம்மாவுக்கு என்று சொல்லித் தொலைத்தேன். உடனே அலமாரிக்கு ஓடினாள். இரண்டு கவுன், சீப்பு, ஒற்றைக் கால் செருப்பு, எல்லாவற்றையும் கொண்டுவந்து திருப்பாத பையின் மேல் அடுக்கினாள். "போன் அம்மா என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாங்களா?" என்று கேட்டாள். முகத்தில் அத்தனை வெளிச்சம். மூன்று வருடம் ஊட்டிவிட்டவள் நான், பேன் பார்த்தவள் நான், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான்.

"வரமாட்டாங்க, நீ வேண்டாம்னு எழுதியிருக்காங்க" என்றேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. கவுனை ஒவ்வொன்றாக மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு வந்து, நான் பிரித்துப் போட்ட நூலையெல்லாம் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். சொல்பேச்சு கேட்கிற பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை. அன்றிலிருந்து என் போர்வையைப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இந்தக் கடிதத்தோடு பையும் வருகிறது. உள்ளே துழாவாதே, ஒன்றும் வைக்கவில்லை. பதினைந்தாம் தேதி நாங்கள் வீடு மாறுகிறோம், தையல் கடையையும் எடுத்துக்கொண்டுதான். புது விலாசம் எழுத எனக்கு மறந்துபோயிற்று என்று வைத்துக்கொள்.

உனக்கு இருபத்தெட்டு வயது. இன்னொருத்தனைக் கட்டிக்கொள், இன்னொன்று பெற்றுக்கொள், மனதார வாழ்த்துகிறேன். எனக்கு நாற்பத்தொன்பது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியும் போய்விட்டான். இவள் தூங்கும்போது அவனைப் போலவே வாயைத் திறந்துகொள்கிறாள். உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இப்போது கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், தேடிக்கொண்டு வராதே.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். சலவைத் தண்ணீரில் கை வெடித்துப்போகும், எண்ணெய் தடவு. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கேயே நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிட்டுவின் அத்தை