நாளைக்கு ஒரு ஃபைல்

17.7.2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. பால்காரர் வரவில்லை, வரக்காப்பிதான்.

சென்னைக் கடையிலிருந்து டிசைன் வந்துவிட்டது. நான்கு மாதிரிச் சேலை. ஒவ்வொன்றுக்கும் உடல், கரை, முந்தி என மூன்று ஃபைல், ஆக மொத்தம் பன்னிரண்டு. கடையின் டிசைனர் சுகன்யா லிங்க் அனுப்பியிருக்கிறாள். இறக்கிப் பென்டிரைவில் போட்டுத் தறிப் பெட்டியில் செருகினால் பூ அதன்படி விழும். தறி என் வீட்டுக்காரர் பங்கு, கம்ப்யூட்டர் என் பங்கு. பத்தாவதோடு நின்றவள், தப்பும் தவறுமாக அழுத்தி அழுத்தியே கற்றுக்கொண்டேன்.

ஒன்று இறங்கியதும் அந்த சைட் கதவைச் சாத்திக்கொண்டது. இலவசமாக எடுப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதானாம். பணம் கட்டலாமென்றால் நம் கார்டை ஏற்கவில்லை. போன் நெட்டில் போட்டால், எடுத்த எடுப்பிலேயே “இன்றைய அளவு முடிந்தது” என்கிறது. லிங்க் 26 வரைதான். இன்றோடு பத்து நாள், பன்னிரண்டு ஃபைல். நான்கு சேலையும் சரியாக வந்தால்தான் கடை வருஷம் முழுக்க நமக்கு வேலை தரும்.

இவரிடம் சொன்னேன். “அதெல்லாம் ஆயிடும், நீ பேஜார் பண்ணாத” என்றார்.

18.7.2025, ஆடி முதல் வெள்ளி

தாயே! காலை ஆறு மணிக்கு ஒன்று இறக்கினேன். பூஜை முடித்து ஏழரைக்குச் சும்மா அழுத்திப் பார்த்தேன். இன்னொன்றும் இறங்கிவிட்டது!

நோட்டில் நேரத்தோடு எழுதி, பக்கத்தில் குங்குமம் வைத்தேன்.

19.7.2025, சனி

இன்றும் பூஜைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஐந்து ஆயிற்று. அவள் பார்த்துக்கொள்கிறாள்.

20.7.2025, ஞாயிறு

எழுந்ததே தாமதம். பூஜையை முதலில் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முதல் ஃபைலுக்கே “இன்றைய அளவு முடிந்தது.” நான் எங்கே எடுத்தேன்? நேற்று குளிக்காமல் கம்ப்யூட்டரைத் தொட்டேனே — அதனாலா? நாளெல்லாம் மனசு சரியில்லை.

21.7.2025, திங்கள்

தறிக்கூடத்தில் கேமரா மாட்ட, நெட் கொடுக்கும் ரஞ்சித்குமார் வந்தார். வெளியூரிலிருந்து போனில் பார்க்க நிலையான ஐபி வேண்டுமாம், மாற்றிவிட்டார். என் நோட்டைக் காட்டி, பூஜைக்குப் பிறகு மட்டும் எப்படி இறங்குகிறது என்று கேட்டேன்.

“பூஜைக்கு முன்னாடி இன்னாக்கா பண்ணுவீங்க?”

“சாமி ரூம்ல ஒரே பிளக்குதான். நெட் பாக்ஸைப் புடுங்கிட்டு, பாட்டுப் பொட்டிய சொருகுவேன்.”

மனுஷர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து சிரிக்கிறார்.

“அதாங்க்கா விஷயம்! அந்த சைட்டுக்கு உங்களத் தெரியாது, உங்க நெட்டோட ஐபி நம்பர் மட்டுந்தான் தெரியும். இவ்ளோ நாளு உங்களுது டைனமிக்கு. பஸ்ல எறங்கி ஏறுனா வேற சீட்டு கெடைக்கிற மாதிரி, பாக்ஸ அணைச்சிப் போட்டா பெரும்பாலும் வேற நம்பர் வரும். சைட்டு புது ஆளுன்னு நெனச்சிக்கும். இப்போ போட்டது ஸ்டாடிக். வூட்டுக் கதவு நம்பர் மாதிரி, மாறாது.”

“அப்போ நேத்து?”

“நேத்து வந்த நம்பர வச்சிகினு இருந்தவன் முன்னாடியே எடுத்து முடிச்சிருப்பான். போன் நெட்ல ஒரே நம்பர் ஆயிரம் பேருக்கு. எப்பவுமே முடிஞ்சிதான் கெடக்கும்.”

வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. போகட்டும், குளிக்காமல் தொட்ட பாவம் இல்லை.

இன்று ஒன்று. மொத்தம் ஆறு.

22.7.2025, செவ்வாய்

பாதி இறங்கும்போது கரண்ட் போய்விட்டது. ஃபைலும் இல்லை, இன்றைய முறையும் போயிற்று. பாக்ஸை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். அதே நம்பர்தான்.

இன்னும் நாலு நாள், நாலு ஃபைல். பத்தோடு நின்றுவிடும். நாலாவது சேலைக்கு உடல் மட்டும் இருக்கும். கரையும் இல்லை, முந்தியும் இல்லை. அதை யார் கட்டுவது?

இவர், “ரஞ்சித்த கூப்ட்டு பழையபடி மாத்தச் சொல்லு, அணைச்சி அணைச்சி எடு” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முழித்தது போல, நான் காலிசெய்துவிட்டுப் போகும் நம்பரை வாங்குகிறவர் முழிக்க மாட்டாரா? தெரியாமல் செய்தது வேறு. தெரிந்தே செய்துவிட்டு எப்படி விளக்கேற்றுவேன்?

சுகன்யாவையே கேட்கலாம் என்றேன். இவருக்குக் கோபம்.

“ஒரு ஃபைல் எறக்கத் தெரியாதவன் தறியில இன்னா கிழிப்பான்னு வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கடி.”

கேட்காவிட்டால் மட்டும்? மூணு சேலையும் ஒரு மொட்டைச் சேலையும் கொண்டுபோய் நின்றால் மெச்சிக்கொள்வார்களா? இதை வாயால் சொல்லவில்லை. எழுதத்தான் வருகிறது எனக்கு.

23.7.2025, புதன்

இவர் பாவு நூல் வாங்க முள்ளிப்பட்டு போயிருந்தார். விளக்கேற்றிவிட்டுச் சுகன்யாவுக்குப் போன் போட்டேன். நோட்டைப் பார்த்துத் தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் படித்தேன்.

படித்து முடித்ததும், போச்சு என்று நினைத்தேன்.

“அக்கா, அதுல நாளைக்கு ஒண்ணுதான் வருமா? நாங்க காசு கட்டி வச்சிருக்கோம், எங்களுக்கு அப்படி வர்றதே இல்ல. போன மாசம் ஒரு நெசவாளர் மூணு ஃபைலோட பேச்சு மூச்சே இல்லாம நிறுத்திட்டாரு. டிசைன் புடிக்கலன்னு நெனச்சி நாங்களும் விட்டுட்டோம். அவர் ஏன்க்கா கேக்கல?”

எனக்குக் காரணம் தெரியும். அந்த மனுஷரும் என் வீட்டுக்காரர் போலத்தான் இருந்திருப்பார்.

கால் மணியில் வேறு லிங்க் வந்தது. மிச்சம் ஆறும் காப்பி ஆறுவதற்குள் இறங்கின. அழுதுவிட்டேன். தாயே, அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். அந்த நெசவாளரையும் கூப்பிடுகிறேன் என்றாள், அவரும் நன்றாக இருக்கட்டும்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

6.8.2025, புதன்

நாலாவது சேலை நேற்று தறியிலிருந்து இறங்கியது. இன்று மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கடையிலிருந்து போன். இவர்தான் எடுத்தார். “ஆமாங்க... சரிங்க... அடுத்த எட்டு சேலைக்கா?” என்றார். பிறகு, “டிசைன் விஷயமா? இருங்க, அது எங்க வூட்லதான் பாக்கறாங்க” என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.