கொதிக்க வைத்த மோர்

போடிநாயக்கனூர்
12.8.1983

அன்பு மகள் சந்திரவல்லிக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் வயிறு உட்பட. அந்தக் கடைசிச் செய்தியை எழுதத்தான் சோலியை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏலத்தோட்டத்தில் ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து படுத்தவருக்கு, டாக்டர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் நின்றதே தவிர வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பாதி மலை ஏறுவதற்குள் ஜீப்பை நிறுத்தி ஏலச்செடிக்குள் ஓடுகிற மனுசன், உன் பால் ஆராய்ச்சிப் படிப்பின் பட்டமளிப்பு விழாவுக்கு வடக்கே கர்னால் வரை ரயிலில் எப்படி வருவார்? நீ மட்டும் போயிட்டு வா என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. மாத்திரை கெட்ட கிருமியோடு நல்லதையும் அடித்துவிடும், மோரில் உயிரோடு இருக்கும் கிருமிகள் குடலின் உள்சுவரில் இடம்பிடித்துக் காவல் காக்கக்கூடும், இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறோம், ஆனாலும் மோர் கொடுத்துப் பார் என்று எழுதியிருந்தாய். அடியே, கிருமி வளக்கவா பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புனோம் என்றார் அப்பா. மோர்தான் வேளை தவறாமல் குடிக்கிறாரே என்று எனக்குக் குழப்பம். உன் அத்தை மூக்கம்மாள் அடுப்படியிலிருந்து, ஆமா மதினி, டாக்டர் சொன்னபடி நல்லாக் கொதிக்க வச்சுத்தேன் குடுக்கிறேன் என்றாள்! எதைக் குடித்தாலும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னாராம் டாக்டர். இவள் மோரையும் விடவில்லை. திரிந்துபோன அந்தத் தண்ணீரை, தங்கச்சி மனம் நோகுமே என்று உன் அப்பா மூச்சுக்காட்டாமல் குடித்திருக்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காவல்காரர்களை எல்லாம் அவித்துவிட்டாயே என்றேன். அடி ஆத்தீ, அம்புட்டு உசுரையுமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து பச்சை மோர். மெல்ல மெல்ல வயிறு கட்டுப்பட்டது. நேற்றுத் தோட்டம் வரை போய் எங்கேயும் ஜீப்பை நிறுத்தாமல் திரும்பியவர், வெரசா டிக்கெட் எடுக்கச் சொல்லுடி என்று வாசலிலேயே கத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. நமக்குத் தெரியாமல் நமக்குள் யார் யாரோ குடியிருந்து நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு உள்ளங்கால் வரை குறுகுறுக்கிறது. நீ அங்கே வெறும் டீயிலேயே நாளை ஓட்டாதே. மோரை ஆராய்ந்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும்.

அத்தை தன் பாவத்துக்குப் பரிகாரமாகத் தூக்குவாளியில் உறைமோர் கட்டிக்கொடுக்கிறாள். வழியில் யாரும் சூடாக்கக் கூடாதாம். உன் வயிறும் மனமும் என்றும் குளிர்ந்திருக்கட்டும் தாயீ. டிக்கெட் எடுத்ததும் தேதியைத் தந்தியில் சொல்கிறோம், மறக்காமல் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. இரண்டு பேர் வருகிறோம் என்று எழுதப் போனேன்; வயித்துக்குள்ள ஒரு ஊரே கூட வருதுன்னு எழுது என்கிறார் உன் அப்பா.

உன்னைப் பார்க்கப் பறந்துகொண்டிருக்கும் அம்மா,
பாண்டியம்மாள்