ஆணி அடித்த நாற்காலிகள்

குண்டூர் நாடு,
கொல்லிமலை.
8-3-1942

ஜெய்லானிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நேற்று சேந்தமங்கலம் இறங்கி உன் கடைக்கு வந்தேன். நீ இல்லை. நான் செய்தனுப்பிய பலாமர நாற்காலிகள் வாசலில் கிடந்தன. மூட்டுக்கு மூட்டு இரும்பாணி! ஒன்றில் கால் பிளந்தே போயிருக்கிறது.

ஆணியில்லாமல் மூட்டுவது, பினாங்குப் பட்டறையில் என் பக்கத்தில் வேலை பார்த்த ஜப்பான்காரன் ஒகாடா காட்டிய வேலை. அதைச் சொல்லிச் சொல்லி விற்றவன் நீதானே? "ஆணியே இல்லீங்க, ஒரு கட்டை இன்னொண்ணக் கவ்விப் புடிச்சுக்கும், ஏறி ஆடிப் பாருங்க" என்று பெருமை பேசியது யார்? அந்த மூட்டு வேலையை நம் பலாவுக்கும் மலை ஈரத்துக்கும் பொருத்துவதற்குள் எத்தனை கட்டைகளைப் பாழாக்கினேன்!

யார் அடித்தது? எதற்கு அடித்தது? பதில் எழுது.

அர்த்தனாரி

சேந்தமங்கலம்
12-3-1942

அர்த்தனாரிக்கு,

நான்தான் அடித்தேன்.

ரங்கூனில் ஜப்பான் போட்ட குண்டில் தம்பி ஹபீப் மௌத்தாகிவிட்டான். அவனோடு வேலை செய்தவர் காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து, போன மாதம் சொன்னார். உடம்புகூடக் கிடைக்கவில்லையாம். அதன்பின் கடை திறந்த முதல் நாள் ஒருவர் வந்து, "ஏனுங்க, ஜப்பான் நாற்காலி இருக்குதுங்களா?" என்றார். நான் பரப்பிய பேர்தான். சுத்தியலை எடுத்துவிட்டேன்.

உனக்கு மரம் பிளந்ததுதான் பெரிது. இனி அந்த வேலை என் கடைப் படி ஏறக் கூடாது. ஆணி அடித்துச் செய்வதானால் அனுப்பு.

ஜெய்லானி

குண்டூர் நாடு
15-3-1942

ஜெய்லானி,

ஹபீப் போன சேதி வந்து ஒரு மாதம். மிளகு வாங்க மலைக்கு ஆள் அனுப்புகிறாயே, அவன் வாயில் ஒரு சொல் சொல்லி அனுப்ப முடியவில்லையா உனக்கு? கப்பல் ஏறுவதற்கு முன் என் வீட்டில் சாப்பிட்டுப் போனவன். "அண்ணா, ரங்கூன்ல நான் ஊடு கட்டினா உன்ற நாற்காலிதான்" என்றவன். அவனுக்காக அழக்கூட என்னைக் கூப்பிடவில்லை நீ. என்னையும் குண்டு போட்டவனோடு சேர்த்துவிட்டாய். ஆணியைவிட இதுதான் ஆறவில்லை.

ஒகாடா யார்மேலும் குண்டு போடவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவன். அவன் காட்டிய மூட்டில் ஆணி அடிக்க மாட்டேன். உன் கடைக்கு இனி ஒரு முக்காலிகூட வராது.

வெள்ளிக்கிழமை உன் அம்மாவைப் பார்க்க வருகிறேன். உன்னைப் பார்க்க அல்ல.

அர்த்தனாரி

சேந்தமங்கலம்
29-3-1942

அர்த்தனாரிக்கு,

நீ வருவது தெரிந்தே நான் பள்ளிவாசலில் இருந்துகொண்டேன். அம்மா உன்னை உட்காரவைத்துச் சோறு போட்டாராம். நம் சண்டையையும் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். "உனக்குக் கஞ்சி ஊத்துன அந்தப் புள்ள உசுரோட இருக்குதா கண்ணு?" என்று கேட்டதற்கு, நீ கை கழுவ எழுந்துவிட்டாயாமே.

யுத்தம் மூண்டதும் மலாயாவிலிருந்த ஜப்பான்காரர்களை வெள்ளைக்காரன் பிடித்து அடைத்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து தினமும் என்னைக் கேட்கிறார். தொழுது முடித்து ஹபீபுக்குத் துஆ கேட்கும்போது, உன் ஜப்பான்காரன் பேர் வாயில் நுழையாமல், அவனுக்கும் சேர்த்துக் கேட்கிறார். எனக்கு அவர்மேலும் கோபம்தான். என்னால் அப்படிக் கேட்க முடியாது.

ஏதாவது தெரிந்தால் அம்மாவுக்கு எழுது. படித்துக் காட்டுகிறேன். எனக்கு எழுதாதே.

ஜெய்லானி